கிளுவை வேலியடியில் ஒரு கவுதாரி

பல்லடம் பக்கம் நேற்று ஓர் ஆடு கிளுவை இலையை மென்றபோது எழுந்த பச்சை வாசனை, முதலிபாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அம்மா, ஞாயிறுதோறும் என்னை அங்கே கூட்டிப்போவாள். வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப் புல், புல்லுக்குள் முயல், கிளுவை வேலியின் முள்ளுக்குள் ஓணானும் கீரியும், பக்கத்துக் கம்பெனியின் மிஷின் இரைச்சலை மீறிக் கூப்பிடும் கவுதாரி என எல்லாமே அங்கே ஒன்றாகக் குடியிருந்தன.

நிலத்தை வாங்கியவர்கள் ஷெட் போட ஜேசிபி கொண்டுவந்த காலையில், வேலியடியில் கவுதாரி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. யாரிடமும் அதிர்ந்து பேசாத அம்மா, சாப்பாட்டுத் தூக்கோடு வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"அண்ணே, அந்த மூலைய மட்டும் இப்ப எடுக்காதீங்க. கவுதாரி அடகாத்துட்டு இருக்கு."

டிரைவர் இறங்கிவந்து குனிந்து பார்த்தார்.

"சரிங்க. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டனுங்க."

மூன்றாம் நாள் காலை கவுதாரி ஏழு குஞ்சுகளோடு வெளியே வந்து, எதிரே இருந்த சோளக்காட்டை நோக்கி ரோட்டில் இறங்கியது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, ரோட்டில் வந்த கம்பெனி வேனைக் கைகாட்டி நிறுத்தினார். கடைசிக் குஞ்சும் சோளத்துக்குள் மறைந்தபிறகுதான் வேலிக்குப் போனார். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை.

"எல்லாம் தாண்டிருச்சு, பாத்தியா" என்று மட்டும் சொல்லி, வேலி முறிகிற சத்தம் ஓயும்வரை என் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள்.