பெயர் சொல்லாத குரல்

மகளுக்குக் கலியாணம் நிச்சயமான மாதத்தில்தான் அந்தக் கறுப்புத் துணிக்கட்டும் என் தையல் மேசைக்கு வந்தது.

கனடாவில் நான் வேலை செய்யும் கட்டடம் முன்பு உடுப்புத் தொழிற்சாலை. இப்போது மேல்மாடிகள் முழுக்கக் கலைஞர்கள். கீழே நாங்கள் காற்சட்டைகளுக்கு நீளம் குறைக்கிறோம். துணியைக் கொண்டுவந்தவள் மேல்மாடிக்காரி, யூதப் பெண், என்னைவிடச் சற்று மூத்தவள். வர்ணமும் தூரிகையும் அவளுக்கு வேண்டாம். மனிதக் குரல்களை வைத்துக் கலை செய்கிறவள். ஒரு பொட்டு வெளிச்சமும் நுழையாதபடி அறையைச் சுற்றித் திரை வேண்டும் என்றாள்.

“இருட்டுக்கு இவ்வளவு துணியா? கரண்டை நிற்பாட்டினால் போதுமே” என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

அளவெடுக்கப் போன அன்று விஷயத்தைச் சொன்னாள். அவர்களுடைய பழைய சட்டநூலில் ஒரு விவாதம் இருக்கிறதாம். கணவன் போனவன் வரவில்லை, உடலைக் கண்டவரும் இல்லை என்றால், மனைவியை எப்போது விதவை என்று ஏற்கலாம்? பெரியவர்கள் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். அதில் ஓரிடத்தில், இன்ன ஊர் இன்னார் இறந்துவிட்டார் என்று மலை உச்சியிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. ஏறிப் போய்ப் பார்த்தால் அங்கே ஆளே இல்லை. ஆனாலும் அந்தக் குரலைச் சாட்சியாக ஏற்று அந்தப் பெண்ணை விடுவித்திருக்கிறார்கள். அந்த மலையைத்தான் இந்த அறைக்குள் கட்டுகிறேன் என்றாள். பல மொழிகளில், மொழிக்கு ஒரு குரல். கேட்கிறவர் இருட்டில் நிற்பார். சொல்கிறவர் அங்கே இருக்க மாட்டார்.

அவளுடைய பெரியம்மா ஒருத்தி இதே நகரத்தில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தாளாம். யுத்தத்தின்போது ஐரோப்பாவில் அகப்பட்டுக்கொண்ட கணவனுக்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு வைத்து, வைத்தே கிழவியாகிச் செத்துப்போனாளாம்.

“ஒருவராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம்” என்றாள்.

நான் விழாத ஊசியைத் தேடிக் கீழே குனிந்தேன்.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்புகள் நடந்த காலத்தில், கைக்குழந்தைக்குப் பால்மா வாங்கச் சைக்கிளில் போனவர். காவலரணைத் தாண்டிப் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். திரும்பியதை யாரும் காணவில்லை. தெற்கே ஒரு சிறையில் அவர் சாயலில் ஒருவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். நான் இன்னும் பொட்டு வைக்கிறேன், தாலியும் கழுத்தில் இருக்கிறது. பக்கத்து ஊரான லவாலில் இருக்கும் மச்சாள், அவருடைய அக்கா, தம்பிக்குத் திவசம் செய் என்று வருடா வருடம் போன் எடுப்பார். எந்தத் திதியில் என்று கேட்பேன். அதோடு போனை வைத்துவிடுவார். மெட்ரோவில் முன்னால் நிற்கும் ஆண்களின் பிடரியைப் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. இப்போது நரைத்திருப்பார் என்று தெரிந்தும் கறுத்த தலைகளையே தேடுகிறேன்.

அந்த வாரம் மகள் கேட்டாள்.

“அம்மா, கலியாணக் கார்ட் அடிக்கக் குடுக்கோணும். அப்பான்ரை பேருக்கு முன்னாலை என்ன போடுறது? திருவா, அமரரா?”

“பேந்து சொல்லுறன்” என்று தள்ளிப்போட்டேன்.

“எத்தினை பேந்து அம்மா? எனக்கு அவரைப் படத்திலைதான் தெரியும். ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ.”

அமரர் என்றால் நான் மணவறைக்குப் பின்னால் எங்காவது ஒதுங்கி நிற்க வேண்டும். அதையாவது பொறுப்பேன். அவரை நானே கொன்றதாக அல்லவா ஆகும்? திரு என்றால் மண்டபம் முழுக்க எங்கே ஆள் என்று கேட்கும்.

திரைகளைக் கொண்டுபோன நாளில் மேல்மாடிக்காரி தமிழ்க் குரல் ஒன்று வேண்டும் என்றாள். உடனே சரி என்றேன். இருட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் எனக்கும் ஒரு முடிவு கிடைக்கும் என்று நினைத்தேன். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டும், கற்பனைப் பெயரானாலும் பரவாயில்லை, பெயரில்லாத குரல் மட்டும் சட்டத்துக்குச் செல்லாது என்றாள்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெயர். அதையும் நான் வாயால் சொன்னதில்லை. கணவர் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். கனடா வந்து இறங்கியபோது அதிகாரி கேட்டதற்குக்கூட எழுதித்தான் காட்டினேன். மைக்கின் முன் ஊரைச் சொன்னேன். பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் மூச்சு வந்தது. பிறகு, “செத்துப்போனார்” என்றேன். அவள் திரும்பச் சொல்லக் கேட்கவில்லை.

“இது செல்லாது. அப்படியே வைக்கட்டுமா?”

தலையாட்டினேன்.

கண்காட்சி தொடங்கிய மாலை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் குரல் கொடுத்ததை அவளிடம் சொல்லவில்லை. உள்ளே என் திரைகள் நன்றாகத்தான் வேலை செய்தன. என் கையே எனக்குத் தெரியவில்லை. யூதர் பேசும் இத்திஷ், அரபு, பிரெஞ்சு என்று ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு பெயரைச் சொல்லி ஓய்ந்தது. பிறகு என் குரல் வந்தது. அது நானே இல்லை. அவர் செத்ததை நிச்சயமாகத் தெரிந்த யாரோ ஒருத்தி. ஊரைச் சொன்னாள். மூச்சு இழுத்தாள்.

அந்த இடைவெளியில், இருட்டுக்குள்ளிருந்து யாரோ அவர் பெயரைச் சொன்னார்கள்.

“செத்துப்போனார்” என்று என் குரல் முடித்தது.

எத்தனையோ வருடங்களாக அந்தப் பெயர் என் காதில் விழவில்லை. முடிந்தது, மலையிலிருந்து குரல் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் ஏறிப் போய் ஆளைத் தேடினார்களே? நானும் கையை நீட்டித் தேடினேன். ஒரு கை அகப்பட்டது. குளிர்ந்த, வளையல் போட்ட கை.

“நீங்கள் பேரை மறந்துபோனியள் எண்டு நினைச்சன் அம்மா” என்றாள் மகள், என் காதுக்குள்.

மலையில் ஆள் இல்லை, இங்கே ஆள் இருந்தது. அதனால் அதுவும் செல்லாது.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் அவள் என் கையை விடவில்லை. முன்னால் ஒருவர் முதுகு காட்டி நின்றார். அவர் இறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கார்டிலை திரு எண்டே போடு.”

“எங்கை அவர் எண்டு ஆக்கள் கேட்டால்?”

“பேந்து வருவார் எண்டு சொல்லு.”