மீன் ஏந்திய பீங்கான் கிழவர்

பழம்பொருள் ஏலக் கம்பெனியில் மதிப்பீட்டாளரான அவருக்குப் பட்டப்பெயர் 'தலைகீழ்'. சும்மா ஒன்றும் வைக்கவில்லை. பீங்கான் சாமான் எது கைக்கு வந்தாலும் மனுஷர் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். மெருகு பூசாத அடிவிளிம்பை நகத்தால் சுரண்டுவார், முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார், வயதையும் விலையையும் சொல்லிவிடுவார். யாரோ வீட்டில் காபி கொடுக்கப்போய், பாதி குடித்த கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்து மேசைவிரிப்பெல்லாம் கொட்டிய மகானுபாவர்!

கல்யாணமான புதிதில் மனைவி ஒரு பொம்மை வாங்கி வந்தாள். சீனப் பாணிக் கிழவர், மடியில் ஒரு மீன். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் கையில் கொடுத்தாள். இவர் என்ன செய்தார்? கவிழ்த்தார்.

"அச்சுல வார்த்தது. முத்திரையும் போலி. நல்லா ஏமாந்துட்டே, போ."

"விலையைப் பார்த்தா வாங்கினேன்?" என்றாள். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. பொம்மையை அலமாரி மேல்தட்டில் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். அப்புறம் எதை வாங்கினாலும் அவரிடம் காட்டவே இல்லை.

போன வருஷம் அவள் போய்ச்சேர்ந்தாள். பிள்ளைகுட்டி இல்லை. வீட்டில் பேச்சுக்குரல் என்றால் டி.வி.தான். ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் சமையலறை வேலை முடிந்தது. அந்த வெறுமையில்தான் 'விலையைப் பார்த்தா வாங்கினேன்?' என்ற அன்றைய கேள்வி அவரை அரிக்க ஆரம்பித்தது. பொம்மை நிஜமாகவே பழசாக இருந்துவிட்டால்? அவள் ஏமாறவில்லை, நான்தான் தப்பு என்று அவள் படத்துக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே! துண்டில் சுற்றி ஆபீசுக்கு எடுத்துப்போனார்.

"நீங்க பாருங்க சார். என் கண்ணு மேல எனக்கே நம்பிக்கை இல்ல" என்று பக்கத்து மேசை மதிப்பீட்டாளரிடம் நீட்டினார்.

அவரும் கவிழ்த்தார். "அச்சு வேலைதான். உங்களுக்குத் தெரியாததா?"

"இன்னொரு தடவை நல்லா பாருங்களேன்."

"நூறு தடவை பார்த்தாலும் இதேதான் சார்."

பார்சல் கட்டும் அம்மா வைக்கோலும் காகிதமுமாக அந்தப் பக்கம் வந்தாள். பொம்மையை எடுத்து நிமிர்த்திப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயய்யோ, உரிச்சு வெச்ச மாதிரி நம்ம சாரேதான்! அந்த விடைச்ச காதைப் பாருங்க, உம்முனு வெச்சிருக்கிற வாயைப் பாருங்க. மீனைப் பிடுங்கிட்டு பூதக்கண்ணாடியக் குடுத்தா போதும்!"

அவர் வாங்கிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவரேதான். கல்யாணமான புதிதிலும் இதே காதுதான், இதே வாய்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், பிறகு பொம்மையைப் பதமாகத் துண்டில் சுற்றினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் அவள் உட்காரும் பக்கமாகக் கிழவரை வைத்தார். எதிரே உட்கார்ந்தார்.

"அப்போ எதுக்கும்மா வாங்கினே?"

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியது. கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்துக்கூட இருந்தார், பாவம்.