குழியடிக் கோயிலின் கலியாணப் புத்தகம்

1968 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. காலை ஏழேகாலுக்கு மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் புறப்பட வேண்டிய பஸ் எட்டு மணிக்குத்தான் மனம் வைத்தது. ஏழு மைல், டிக்கெட் முப்பத்தைந்து சதம். மைக்கா என்னும் காக்காப்பொன் தோண்டிய குழிக்காரர்கள் கட்டிய அந்தோனியார் கோயிலின் வரலாற்றைப் கத்தோலிக்கப் பங்குப் பத்திரிகைக்கு எழுதித் தருவதாக வாயை விட்டிருந்தேன். லீவு நாளில் வீட்டோடு கிடந்தால் என்ன என்று என்னையே திட்டிக்கொண்டு ஏறினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிலோமினா. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். அவரும் அதே கோயிலுக்குத்தான் வருகிறார். புதன்கிழமை பிரஜாவுரிமை விசாரணையாம். தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டினால் இங்கே இருக்கலாம், இல்லாவிட்டால் இந்தியாவுக்குப் போக வேண்டும். ஒரே மகளுக்குப் புருஷன் வழியில் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. ஆகவே போவதென்றால் இவர் தனியாகத்தான் போக வேண்டும். கோயில் புத்தகத்தில் அப்பா பெயர் இருக்கும் என்று நம்பிக்கையோடு சொன்னார்.

ஒன்பது மணி. ரத்தோட்டையிலிருந்து இரண்டரை மைல் ஏற்றம். மிளகுக்கொடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. எனக்கு மூச்சு வாங்கியது. பிலோமினா ஒவ்வொரு முடக்கிலும் நின்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மைக்காத் தூள் காலில் ஒட்டி மினுங்கியது. குழிகளை மூடி வருஷங்களாகிவிட்டன. அந்த இடத்துக்குக் குழியடி என்ற பெயர் மட்டும் நிற்கிறது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நான்கு குடும்பங்கள்தான் மிச்சம்.

பத்தேமுக்கால். கோயில் நாற்பது பேர் முழந்தாளிடக்கூடிய அளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குழிக்காரர்களே கல் சுமந்து கட்டியது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சூசை எங்களுக்குப் பிளேன்டீ கொடுத்துவிட்டுக் கதை சொன்னார். குழியில் இறங்குகிறவர் ஒவ்வொருவரும் கோயில் மணியை ஒரு தரம் அடிக்க வேண்டும், மேலே வந்ததும் ஒரு தரம். அதை எண்ணிக்கொண்டிருப்பது சூசையின் தகப்பனாருடைய வேலை. ஒரு மழைக்காலத்தில் குழி சரிந்தது. அன்று இறங்கும்போது மணி ஒன்பது தரம் அடித்தது, ஏறும்போது எட்டுத் தரம். மேலே வராதவர் பிலோமினாவின் தகப்பன் அந்தோனி. உடலை எடுக்க முடியாமல் குழி வாயிலேயே பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மூடிவிட்டார். பிலோமினா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

ஞானஸ்நானப் புத்தகம் செல்லரித்துப் போயிருந்தது. கலியாணப் புத்தகம் மட்டும் தப்பியிருந்தது. உபதேசியாருக்குக் கண்ணில் படலம், பிலோமினாவுக்கு எழுத்துத் தெரியாது. வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோலச் சத்தமாக வாசித்தேன்.

“மாப்பிள்ளை அந்தோனி. தகப்பன் சவரிமுத்து. தொழில் குழிவேலை. ஊர், திருச்சி ஜில்லா புதுப்பட்டி.”

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று உறைத்தது. விசாரணையில் இதைக் காட்டினால் அந்தோனி இந்தியாவில் பிறந்தவர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

மலைநாட்டில் யாரிடமாவது எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தோட்டம் வேறு, ஊர் வேறு. ஊர் என்றால் பாட்டன் விட்டு வந்த கிராமம், கடலுக்கு அந்தப் பக்கம். நானும் அப்படித்தான், கண்ணால் காணாத ஒரு கிராமத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எழுதியவர் பிறந்த இடத்தை நினைத்து ஊர் எது என்று கேட்டிருப்பார். மாப்பிள்ளை மரியாதையாகப் பாட்டன் ஊரைச் சொல்லியிருக்கிறார்.

“அப்பா இந்த லயத்துலதாங்க பொறந்தாரு. கப்பலக்கூட பாத்ததில்ல,” என்றார் பிலோமினா. புத்தகத்துக்குக் கிட்ட வந்து, “மாஸ்டர், அத வெட்டிட்டு குழியடின்னு எழுதிர முடியாதுங்களா?” என்று கேட்டார்.

கோயில் புத்தகத்தில் கைவைப்பது பாவம் என்று சொல்லி உபதேசியார் அதை மூடினார். குழியில் மாண்டவர் என்று கடிதம் வேண்டுமானால் தருவதாகச் சொன்னார். இந்த மண்ணில் செத்ததற்கு யார் சாட்சி கேட்டார்கள்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் என் சட்டைப் பையில் பேனா இருந்தது, நானும் அதை எடுக்கவில்லை. அதற்கு நேர்மை என்று பெயர் வைக்க மாட்டேன். பயம்தான்.

மூன்று இருபது பஸ்ஸில் திரும்பினோம். பிலோமினா கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வழியில் மலைத் தண்ணீர் விழும் ஒரு பீலியடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் புதுப்பட்டியில தண்ணி கிட்டவா இருக்குமுங்களா, மாஸ்டர்?”

நான் பூகோளம் படிப்பிக்கிறவன். திருச்சி ஜில்லாவில் எத்தனை புதுப்பட்டி இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது.

“கிட்டத்தாம்மா,” என்றேன்.