ஆட்காட்டியும் மிஞ்சிய ரோல்ஸும்

ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்குச் சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு வாய்த் தேநீரோடு எழுந்து போனார்கள். மாப்பிள்ளையின் தாய் கைபேசியில் இருந்த ஸ்டூடியோப் படத்தையும் சின்னம்மாவையும் மாறிமாறிப் பார்த்ததை நானும் கண்டேன். படத்திலிருந்த முகம் மாவில் புரட்டி எடுத்ததுபோல் வெளுத்திருந்தது; சின்னம்மாவோ நல்ல கறுப்பு. எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. அவர்களுக்கென்று பொரித்து மிஞ்சிய ரோல்ஸ் முழுவதும் என் பங்காயிற்று. எட்டு வயதில் வேறென்ன வேண்டும்?

அதன்பின் சின்னம்மா பழைய கமரா ஒன்று வாங்கினார். விமான நிலையத்தில் ஷிப்ட் இல்லாத நாட்களில் தேம்ஸ் ஓரச் சதுப்பு நிலத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். சேற்றில் ஆட்காட்டிப் பறவைகள் நடந்து திரியும். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, தலையில் சிலிர்த்த கொண்டை. மினுங்கும் தண்ணீருக்கு முன்னால் நின்றால் பறவை படத்தில் வெறும் கரிக்கட்டியாக விழுந்தது. கிட்ட வந்து படத்தை நிறைத்தாலோ, கமரா கறுப்பைக் கண்டு தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முதுகு சாம்பலாகும், வயிற்றில் இறகே தெரியாது. சின்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டியும் குறைத்தும் எடுத்தார். குளிரில் எனக்கு மூக்கு ஒழுகியது. இவருக்குப் பறவைப் பைத்தியம் என்றே நம்பினேன்.

ஒரு நாள் முதுகு கறுப்பாகவே விழுந்தது. அந்தக் கறுப்புக்குள் பச்சையும் ஊதாவும் மின்னின. சின்னம்மா போட்ட சத்தத்தில் பறவைகளெல்லாம் எழும்பிப் பறந்தன. கமராவை என் கையில் தந்துவிட்டு வேலியோரம் போய் நின்றார்.

"இப்ப என்னை எடு. ஒண்டையும் திருகாதை."

எடுத்தேன். படத்தில் சின்னம்மா சின்னம்மாவாகவே இருந்தார். அன்பு மிகுந்து கேட்டேன்: "கொஞ்சம் வெளிச்சம் கூட்டட்டோ, சின்னம்மா?"

"வேண்டாம். வாறவை என்னைப் பாத்துப்போட்டு வரட்டும்."

அம்மா படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இதை அனுப்பினா ஒருத்தரும் வர மாட்டினம்."

சின்னம்மா அதையேதான் அனுப்ப வைத்தார். குளிர்காலம் முழுவதும் ஒருவரும் வரத்தான் இல்லை. சின்னம்மாவின் அறைக் கதவு அடிக்கடி சாத்தியே இருந்தது. வீட்டில் ரோல்ஸும் இல்லை. எனக்கு அந்தப் படத்தின் மேல் பெரிய கோபம்.

கோடையில் மோர்டனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. யாரும் கைபேசியை எடுத்துப் பார்க்கவில்லை. பேசினார்கள், சிரித்தார்கள், இருட்டிய பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் கதவோரம் நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கடைசி ரோலையும் எடுத்துக் கடித்தார். இப்படித் தின்கிற ஆளைச் சின்னம்மா கட்டவே கூடாது என்று அழுது, சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டேன்.