முதல் வரிசையில் நான் எழுந்திருக்கவில்லை

நான் காட்டூரில் இருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் நாடகம் என்றால் இரண்டு பஸ் மாறியாவது போய்விடுவேன். காது சற்று மந்தம் என்பதால் எப்போதும் முதல் வரிசை டிக்கெட்தான்.

போன மாதம் நாடகம் தொடங்கும் நேரத்தில் சபாக்காரர் ஒருவர் வந்தார். "அம்மா, சீஃப் கெஸ்ட் குடும்பத்தோட வராங்க. கொஞ்சம் பின்னாடி போய் உட்காருங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். முன்பெல்லாம் நானும் போயிருக்கிறேன். வருகிறவர்கள் மேடையில் பொன்னாடை போர்த்தியதும் கிளம்பிவிடுவார்கள். பின்னால் உட்கார்ந்த நான் பாதி வசனம் கேட்காமல் வீடு திரும்புவேன்.

"நம்பர் போட்ட டிக்கெட்டுங்க இது. எந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

"நீங்க எந்திரிக்காம திரையைத் தூக்க மாட்டோம்" என்று அவர் குரலை உயர்த்தினார். பின்னாலிருந்து சிலர், "எந்திரிங்கம்மா, ஆரம்பிக்கட்டும்" என்று கத்தினார்கள். ஆனாலும் அசையவில்லை.

கடைசியில் விருந்தினர் குடும்பத்தை என் பக்கத்து நாற்காலிகளில் உட்காரவைத்துத் திரையைத் தூக்கினார்கள். பொன்னாடை, போட்டோ எல்லாம் முடிந்ததும் விருந்தினர் குடும்பத்தோடு கிளம்பினார். அந்த வரிசையில் மிச்சம் நான் ஒருத்திதான்.

நாடகம் முடிந்ததும் கதாநாயகியாக நடித்த பெண் மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் என்னிடம் வந்தார். "காலி நாற்காலியைப் பார்த்தே அழுது பழகிட்டேங்க. இன்னிக்குத்தான் எதிர்ல ஒரு முகம் இருந்துச்சு."

இப்போதெல்லாம் சீஃப் கெஸ்ட் கிளம்பியதும் பின்வரிசைக்காரர்களையும் முன்னால் கூப்பிட்டு உட்காரவைக்கிறேன். என்னை எழுப்ப வருகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: "பொன்னாடை வாங்கினதும் கிளம்பறவங்களுக்கு வாசல் பக்கமா நாற்காலி போடுங்க. நான் நாடகம் பார்க்க வந்திருக்கேன்."