தீவு சார்

மாலத்தீவு விமானத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஜெபதுரை சார் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நாலு கிலோ பால்கோவா வாங்கினார். கடைக்காரரை நச்சரித்து இரண்டு சுற்று பிளாஸ்டிக் தாள் போட்டுக் கட்டவைத்து, டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு இராஜபாளையம் வந்து சேர்ந்தார். அன்று சாயங்காலம் மெயில் வந்தது. தங்கள் ஒப்பந்தம் இந்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. தாங்கள் திரும்பி வர வேண்டியதில்லை. தங்கள் சாமான்கள் அனுப்பிவைக்கப்படும். இத்தனை ஆண்டு சேவைக்கு நன்றி. இருபத்தொரு வருஷத்துக்கு நாலு வரி. கீழே தலைமையாசிரியர் ஸாஹிரின் பெயர் இருந்தது.

இது நடந்தது 2019 ஜனவரியில். பால்கோவா பதினைந்து நாள் ஃப்ரிட்ஜில் கிடந்தது. வீட்டில் ஒருவரும் அதைத் தொடவில்லை. கடைசியில் அவர் மனைவி இன்பம் அதைத் தான் சூப்பர்வைசராக இருக்கும் பேண்டேஜ் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போய், துணி மடிக்கிற பெண்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். பால்கோவா எங்கே என்று அவர் கேட்கவில்லை.

ஜெபதுரை முதன்முதலாக மாலத்தீவுக்குப் போனது 1997இல். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. கணக்கில் பட்டம், பி.எட்., கல்யாணமாகி எட்டு மாதம். இராஜபாளையத்தில் அவர் வேலை பார்த்த தனியார் பள்ளியில் தாளாளர் அவரைக் காலையில் கேட்டில் நிறுத்திப் பிள்ளைகளின் ஷூவைப் பார்க்கச் சொல்லுவார். கணக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட ஷூ பார்ப்பதே பெரிய வேலையாக இருந்தது. பேப்பரில் விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டார், கிடைத்தது. வடக்கே ஒரு சின்னத் தீவு. இருபத்தைந்து நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். ஒரு வருஷம்தான் என்று இன்பத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வருஷம் எப்படி இருபத்தொரு வருஷமானது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சம்பளம் என்பார்கள். ஊருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான் தெரியும். விஷயம் அதுவல்ல. போன மூன்றாம் நாள் ஒரு மீனவர் முழுச் சூரை மீன் ஒன்றை அவர் வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அவர் மகன் ஒன்பதாம் வகுப்பு. அதுவரை அந்தப் பள்ளியில் கணக்கில் தேறியவன் ஒருவனும் கிடையாது. மூன்றாவது வருஷம் ஏழு பேர் தேறினார்கள். அன்று ஒரு தள்ளுவண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டித் தீவைச் சுற்றி அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார்கள். காய்ச்சல் வந்து படுத்தபோது தாய்மார்கள் முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஜனவரியும் அவர் படகை விட்டு இறங்கும்போது படகுத்துறையில் பிள்ளைகள் பால்கோவாவுக்காக நிற்பார்கள். ஓர் ஊரே தன்னை எதிர்பார்த்து நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்ட வாத்தியாருக்கு வேறு எந்த ஊரும் சப்பென்றுதான் இருக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அங்கே அவர் வாத்தியார் மட்டும்தான். மகன் இல்லை, மருமகன் இல்லை, சபைக் கமிட்டி உறுப்பினர் இல்லை, தங்கை வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பேசுகிறவர் இல்லை.

ஒவ்வொரு டிசம்பரும் வருவார். கிறிஸ்துமஸ் முடிந்து, புதுவருஷ ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்ததும், "இந்த ஒரு பேட்ச் முடியட்டும் இன்பம்" என்பார். வாத்தியார்களுக்கே வருகிற கிறுக்கு இது. ஒன்பதாம் வகுப்பு மறுவருஷம் பத்தாம் வகுப்பாகும், எட்டாம் வகுப்பு ஒன்பதாகும். பேட்ச் முடிவது எங்கே? மகள் ரெனிட்டா பிறந்தது, பேசியது, பெரியவளானது, பிளஸ் டூ எழுதியது எல்லாம் இரண்டு பேட்ச்சுகளுக்கு நடுவே நடந்து முடிந்தன.

அந்த நாலு வரி மெயிலுக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். ஒரு மாதத்துக்குள் 'தீவு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் வேல்பாண்டி சாருக்கு வாய் சும்மா இருக்காது.

"சார், ஒங்க தீவு கடல்ல முங்கிருமாமே, நியூஸ்ல சொல்லுதான்."

"முங்கட்டும்."

அப்படிச் சொன்ன அன்று கரும்பலகையில் இரண்டு கணக்கைத் தப்பாகப் போட்டார். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தத் தீவுக்கு என்ன ஆயிற்று என்று ஃபோனில் தேடிக்கொண்டே வந்தார்.

ஆறு வருஷமாக அவர் மனசில் ஒரே கேள்விதான் குடைந்தது. நான் என்ன தப்புச் செய்தேன்? கவுன்சிலர் மகனுக்கு மார்க் குறைத்ததாலா? 2016இல் ஒரு பையனைக் கை நீட்டி அடித்தாரே, அதுவா? அட்டைப்பெட்டிகளில் சாமான்கள் வந்தபோது சட்டைகள் தேய்த்து மடிக்கப்பட்டிருந்தன. சாக்பீஸ் டப்பா கூட வந்திருந்தது. ஒரு கடிதம் இல்லை. ஸாஹிரை நினைத்தால் அவருக்கு வயிறு எரியும். இன்பம் முன்னால் உட்கார்ந்து, நம்பவைத்துக் கழுத்தறுத்தவன் என்று ஏசுவார். இன்பம் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன ஆகஸ்டில் ஃபோன் வந்தது. ஸாஹிர்தான். கண் ஆபரேஷனுக்காக மதுரைக்கு வந்திருக்கிறார், முடிந்துவிட்டது, சனிக்கிழமை ஜெபதுரையைப் பார்க்க வரலாமா என்று கேட்டார். ஜெபதுரை வரச் சொல்லிவிட்டார். முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு செத்தாலும் சரி.

இன்பத்திடம் சொன்னபோது அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"சனிக்கெழமையா? அன்னைக்கு வன்னியம்பட்டில முத்துப்பேச்சி மக சடங்குல்லா? கம்பெனியே போகுது. அவியள இன்னொரு நாள் வரச் சொல்லுங்க."

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

முறத்தைத் திரும்பக் கையில் எடுத்தாள். பிறகு, "நானும் போகல. இங்கயே இருக்கேன்" என்றாள்.

ஸாஹிர் தன் மகனோடு வாடகைக் காரில் பதினோரு மணிக்கு வந்தார். எழுபது வயது, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பை நிறைய மாசிக்கருவாடு. வாசலிலேயே ஜெபதுரையைக் கட்டிக்கொண்டார். ஜெபதுரை மரக்கட்டையாக நின்றார். இன்பம் கண்ணாடி அலமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பைகளில் மூன்றை எடுத்து, மூவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிறகு அடுப்பங்கரை நிலைக்குப் போய் நின்றுகொண்டாள். அவர்கள் பேசுகிற தீவுப் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனால் என்ன பேசப்போகிறார்கள் என்று தெரியும்.

ஆறு வருஷம் பேசாத பாஷை ஜெபதுரைக்குத் தட்டாமல் வந்தது.

"என்னிடம் என்ன குற்றம் கண்டீர்கள்? இருபத்தொரு வருஷம். படகுத்துறையில் நின்று போய்வருகிறேன் என்று சொல்லக்கூட விடவில்லையே. நாய்க்குக் கூட அப்படிச் செய்யமாட்டார்களே."

ஸாஹிர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு இன்னுமா தெரியாது?"

"என்ன தெரியாது?"

"அந்த மெயிலை எழுதிவிட்டு நாலு நாள் அனுப்ப மனசில்லாமல் வைத்திருந்தேன். அனுப்பிய பிறகு பத்தாம் வகுப்புப் பெற்றோர் ஒரு வருஷம் என் முகத்தில் விழிக்கவில்லை. உங்கள் சட்டைகளைத் தேய்த்து மடித்தது என் மனைவிதான், அழுதுகொண்டே." அவர் பார்வை அடுப்பங்கரைப் பக்கம் போய்த் திரும்பியது. "உங்கள் மனைவி எனக்கு எழுதினார்கள். என் கணவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், நான் கேட்டது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று. இருபத்தொரு வருஷத்தில் அந்த அம்மா எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் எப்படி மாட்டேன் என்பது? அவர்களே இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், ஜெபதுரைக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்த ஊர் என்னைத் தள்ளவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் அது நெஞ்சில் நின்றது. அடுத்த மூச்சில் நிலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இன்பம் தலை குனியவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விருந்தாளி முன்னால் சண்டை போடுகிற குடும்பம் இல்லை அது. வாழையிலை போட்டார்கள். ஸாஹிர் கோழிக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். பழைய மாணவர்களில் ஒருவன் இப்போது அதே பள்ளியில் கணக்கு எடுப்பதாகச் சொன்னார். ஜெபதுரை தலையாட்டினார். மூன்று மணிக்குக் கார் கிளம்பியது. தெருமுனை திரும்புகிறவரை கையசைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஏட்டி, ஆறு வருசம். அந்த மனுசன நான் எம்புட்டு ஏசியிருப்பேன்? எதுக்க நின்னு கேட்டுக்கிட்டே சோறு போட்டியே. ஒரு நாளாவது வாயத் தெறந்தியா?"

இன்பம் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என் பொழப்ப அறுத்திருக்க. என் பேர அறுத்திருக்க. ரெனிட்டாவுக்குத் தெரியுமா?"

"டைப் அடிச்சதே அவதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகளும். கட்டிய பெண்டாட்டியும் பெற்ற மகளும் ஒன்றாக உட்கார்ந்து, தன் முதுகுக்குப் பின்னால், ஒரு மெயிலில் தன்னை முடித்துவிட்டார்கள். சாட்சிக்கு இருந்த ஸாஹிரையும் வாய் மூடவைத்திருக்கிறார்கள். அவருக்கு அழுகை வந்தது. அழவில்லை.

இன்பம் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நான் போட்டது ரெண்டு மெயிலு. அவிய சொன்னது ரெண்டாவது. மொத மெயிலு என்னன்னு கேளுங்க."

அவளே சொன்னாள்.

"எனக்கு மதுரையில கர்ப்பப்பை எடுத்தாவள்ள, நீங்க கடேசியா அங்க இருந்த வருசம் செப்டம்பர்ல. வாங்கன்னு கூப்புட்டேன். நீங்க என்ன சொன்னீய?"

அவருக்கு ஞாபகம் இருந்தது.

"லீவு தரமாட்டேங்காவன்னு சொன்னீய. நானும் நம்புனேன். புருசன் கையெழுத்துப் போடுற எடத்துல ரெனிட்டா போட்டா. பதினெட்டு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு அவளுக்கு. நான் மடிச்சு அனுப்புத கட்டுத்துணிதான் எனக்கே வச்சிக் கட்டிருந்தாவ. கட்டுப் பிரிச்ச அன்னைக்கு எனக்கு அப்படி ஆத்திரம். பிள்ளைய உக்கார வச்சு, பொம்பளைக்கு வயித்தக் கிழிக்கையிலகூட லீவு குடுக்காத நீங்கள்லாம் மனுசனான்னு அந்தப் பெரியவர ஏசி ஒரு மெயிலு போடச் சொன்னேன். மறுநாளே பதில் வந்துச்சு. மன்னிக்கணும் அம்மா, ஒங்க வீட்டுக்காரர் லீவே கேக்கல, ஆபரேசன்னு ஒரு வார்த்தகூட எங்ககிட்ட சொல்லலன்னு. ரெனிட்டாதான் எனக்கு வாசிச்சுச் சொன்னா."

ஜெபதுரை தரையைப் பார்த்தார். அந்த செப்டம்பர். அக்டோபரில் பரீட்சை, பதினொரு பிள்ளைகள். அதில் ஒரு பெண் அந்தத் தீவிலேயே முதன்முறையாக முழு மார்க் வாங்குவாள் என்று இருந்தது. இன்பத்துக்குத்தான் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். கேட்டால் லீவு தந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

"இதயும் நீ ஆறு வருசமாச் சொல்லல" என்றார்.

"நீங்க சொல்லுவீயன்னு பாத்தேன்."

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. இன்பம் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஊருமேல ஒங்களுக்கு ஏன் அம்புட்டு ஒட்டுதல்னு நானும் யோசிச்சுப் பாத்திருக்கேன். வெளியூர் வாத்தியாருன்னு தாங்குதாவ, நல்ல மீனா குடுக்காவ, வழியனுப்ப வாராவ. ஒட்டத்தான் செய்யும், தப்புச் சொல்லல. ஆனா இங்கயும் நீங்க வெளியூர் வாத்தியாராத்தான வந்து போனீய? வருசத்துக்கு இருபத்தஞ்சு நாளு. நாங்களும் நல்ல மீனா வாங்குனோம், நல்ல படுக்கையா விரிச்சோம், பூப்போட்ட கோப்பையிலதான் காப்பி குடுத்தோம். வழியனுப்ப திருவனந்தபுரம் வரைக்கும் வந்தோம். அந்த ஊரு ஒட்டுன மாதிரி இந்த வீடு ஒங்களுக்கு ஏங்க ஒட்டல?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டாள்.

மேஜையில் மூன்று கோப்பைகள் இருந்தன. இரண்டு விருந்தாளிகளுடையவை. மூன்றாவதை அவர் அப்போதுதான் உற்றுப் பார்த்தார். ஆறு வருஷமாகக் காலையிலும் மாலையிலும் அவருக்குக் காப்பி வருவது அதில்தான். இன்பமும் ரெனிட்டாவும் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில். மரியாதை என்று நினைத்திருந்தார்.

கோப்பைகளை எடுத்துப்போய்க் கழுவினார். இரண்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். மூன்றாவதைக் கையில் பிடித்தபடி அடுப்பங்கரைக்குள் நின்றார். அதைப் பக்கத்தில் வைக்க, வீட்டுக்காரர்களின் டம்ளர் எந்தத் தட்டில் இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே குடம் நிரம்புகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டுக் கேட்க வாய் வரவில்லை.