வெங்கிட்டு–சுப்பு ஆட்டத்தின் குறிப்புத்தாள்

"செவ்வாய், மதிய இடைவேளை, 1.10. வெள்ளை: வெங்கிட்டு. கறுப்பு: சுப்பு."

விடுப்பு விண்ணப்பத்தாளின் பின்பக்கம், என் கையெழுத்து. போன வாரம் வலியசாலை வீட்டில் அலமாரி ஒழிக்கும்போது கிடைத்தது. நிமிஷம்வரை குறித்தவன் வருஷத்தைக் குறிக்கவில்லை; இரண்டு நாள் என்மேலேயே எனக்குக் கோபம். ஓரத்தில் எண்ணெய்க் கறை. நேந்திரங்காய் உப்பேரி, எண்ணெய் சொட்டும் வறுவல். அதைக் கொறிக்காமல் சுப்புவுக்கு யோசனை ஓடாது.

இருவரும் எங்கள் அலுவலகத்தில் ஒரே நாளில் சேர்ந்த குமாஸ்தாக்கள். சதுரங்கத்திலும் இன்றைக்கு இவன் ஜெயித்தால் நாளைக்கு அவன். பொன்முடியில் புதுக் கிளைக்கு இருவரில் ஒருவர் போகவேண்டும் என்று உத்தரவு வந்தபோது சீனியாரிட்டி பார்க்க வழியில்லை. "நீங்களே பேசித் தீர்த்துச் சொல்லுங்கோ" என்றுவிட்டார் சூப்பிரண்டு. சுப்புவுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள். வெங்கிட்டுவுக்கோ பஸ் திரும்பினாலே வயிற்றைப் புரட்டும்; பொன்முடிப் பாதையில் வளைவுகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஒரே ஒரு ஆட்டம், தோற்றவன் மலையேறுவதென்று முடிவாயிற்று.

காணாமல்போன யானைக்குப் பதில் கோந்து பாட்டில் மூடி. நகர்வுகளை நான் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

"ஆத்துல சொல்லிப் பெட்டியக் கட்டச் சொல்லும் ஓய்" என்றான் வெங்கிட்டு.

"கட்டறது இருக்கட்டும். உமக்குப் புளிப்பு மிட்டாய் வாங்கித் தரேன், பஸ்ஸுல வாயில போட்டுக்கும்" என்றான் சுப்பு.

கடைசியில் வெங்கிட்டுவின் ராணி செக் சொல்ல, சுப்புவின் ராஜா ஒரு கட்டம் நகர, ராணி வேறு பக்கம் செக் சொல்ல, ராஜா பழைய கட்டத்துக்கே வர, இப்படியே போயிற்று. நான் தாளைச் சரிபார்த்தேன்.

"இதே நிலை மூணாவது தடவை. விதிப்படி டிரா."

இருவரும் உடனே கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்த வேகம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பின்னால் சூப்பிரண்டு நின்றிருந்தார். "ரெண்டு பேரும் சமம், அல்லே? அப்போ எழுதற ஆளு போகட்டும். புதுக் கிளை, ரிக்கார்டெல்லாம் ஆதியிலேர்ந்து எழுதணும்."

"சார், நான் ஆடவே இல்லை."

"ஜெயிக்கவும் இல்லியே."

மூன்று மழைக்காலம் அங்கே இருந்தேன். அட்டை கடித்த தேதிகள் தனி நோட்டில் இருக்கின்றன.

அந்த அலுவலகக் கட்டடம் இன்றில்லை. சோற்றுப் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் பலகை விரிப்பவர்களும் இல்லை. வெங்கிட்டுவும் போய்ச்சேர்ந்துவிட்டான். ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் சுப்புவிடம் தாளைக் காட்டி, முன்கூட்டியே பேசிவைத்து ஆடினீர்களா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தான்.

"பதினெட்டாவது நகர்வு தப்பா எழுதியிருக்கீர் ஓய்."

பேசிவைத்தார்களா என்பது இன்னும் உறுதியாகவில்லை. பதினெட்டாவது நகர்வும்தான்.